மூன்று வீடு பார்த்திருக்கிறேன், எதை எடுப்பது?

கடிதம் ஆறு பக்கம். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை மாற்றியிருக்கிறேன். சாரம் இதுதான்.

எழுதியவருக்கு 34 வயது. மேற்கு மாவட்டத்துப் பெரிய ஊர் ஒன்றில் இருக்கிறார். விவாகரத்து ஆனவர். பத்து வயது மகள் அம்மா வீட்டில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு இரண்டரை வருடமாக எஸ்கார்ட் தொழில். "யாரும் என்னை இழுத்துவிடவில்லை, எனக்கு மேலே ஆள் இல்லை, புரோக்கர் கிடையாது" என்பதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். இதுவரை லாட்ஜ் அறை, இல்லாவிட்டால் வருகிறவரின் வீடு. போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனபோது உள்ளே சொல்லாத இன்னொருவனும் இருந்திருக்கிறான். தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். சிலிண்டர் கொண்டுவந்த பையன் கதவைத் தட்டியதால் வெளியே ஓடி வந்திருக்கிறார்.

இனி அடுத்தவர் இடத்துக்குப் போவதில்லை, சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்று மூன்று வீடு பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். இரண்டாவது, மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒரு போர்ஷன். உரிமையாளர் வெளியூர், புரோக்கர் "எல்லாம் பேசிக்கலாம், வாடகை கொஞ்சம் கூட, வர்ற ஆளுக்கு இவ்வளவுன்னு எனக்குத் தனியா" என்கிறாராம். மூன்றாவது, இதே தொழிலில் இருக்கும் தோழியோடு சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு. வாடகை பாதிப் பாதி, ஒருவருக்கொருவர் துணை. கேள்வி: "சுப்ரீம் கோர்ட் 2022-லேயே இது சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டதே, தோழியோடு இருப்பதுதானே பாதுகாப்பு? ஒப்பந்தத்தில் பியூட்டி பார்லர் என்று போட்டுக்கொள்ளலாமா? தெரிந்த ஆட்டோ அண்ணனை மாதச் சம்பளத்துக்குக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாமா, வக்கீல் மேடம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். நீங்கள் கேட்டது வீட்டைப் பற்றி, நானும் வீட்டைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் மூன்று வீட்டில் நீங்கள் மிகப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் சட்டத்தின் கண்ணில் மிக ஆபத்தானது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

தோழியோடு சேர்ந்த வீடு

விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று போலீஸார் சொல்லும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிரிவு 2 'விபச்சார விடுதி' என்றால் என்ன என்று சொல்கிறது. வீடோ, அறையோ, வண்டியோ, அதில் ஒரு மூலையோ, எதுவானாலும் சரி. வேறொருவரின் லாபத்துக்காகப் பயன்பட்டால் அது விடுதி. அப்புறம் ஒரு வரி: இத்தொழிலில் இருக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்பட்டாலும் விடுதிதான்.

இந்த இரண்டாவது வரியில்தான் நீங்களும் உங்கள் தோழியும் மாட்டுகிறீர்கள். வாடகையைப் பாதியாகப் போட்டுக்கொள்வது, ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் ஹாலில் உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் உங்களுக்குத் துணை. விசாரணை அதிகாரிக்கு அது பரஸ்பர லாபம். விடுதி நடத்தியதாகப் பிரிவு 3-இல் தண்டனை வந்தால் முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல், மூன்று ஆண்டு வரை போகலாம். அதோடு, உங்களுக்கு வந்த அழைப்பைத் தோழிக்குத் திருப்பிவிட்டு அதில் ஏதாவது வாங்கியிருந்தால் பிரிவு 5-ஐயும் சேர்ப்பார்கள். அது ஆள் பிடித்துத் தருவது பற்றியது. அதன் தண்டனை மூன்று ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

தனியாக ஒரு பெண், தன் இடத்தில், தன் வருமானத்துக்காக மட்டும் என்றால் அந்த இடம் இந்த வரையறைக்குள் வராது. துணைக்கு இன்னொருத்தி வந்தால் வந்துவிடும். இருப்பதே ஒரு பெண்ணைத் தனியாக விடுகிற சட்டம். இருபது வருடமாக மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் இந்த வழக்குகளைப் பார்க்கிறேன். இந்த முரண்பாட்டுக்கு எனக்கு இன்னும் சமாதானம் கிடைக்கவில்லை. ஆனால் கைதான பிறகு சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. தோழி தோழியாக இருக்கட்டும், ஒரே வீட்டில் தொழில் வேண்டாம். அவர் எப்படித் துணையாக முடியும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

2022 தீர்ப்பு என்ன சொன்னது

உங்களைப் போல நிறையப் பேர் "சுப்ரீம் கோர்ட் சட்டபூர்வம் ஆக்கிவிட்டது" என்றே நம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றியது. நடந்தது கொஞ்சம் வேறு.

புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் 2022 மே 19-ஆம் தேதி நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அமர்வு ஓர் உத்தரவு போட்டது. நீதிமன்றமே அமைத்த குழு ஒன்று பத்துப் பரிந்துரைகள் தந்திருந்தது. அவற்றில் ஆறை உடனே அமல்படுத்தச் சொன்னார்கள். பாலியல் தாக்குதலுக்கு ஆளான தொழிலாளிக்கு மற்றப் பெண்களுக்கு உள்ள அதே மருத்துவ உதவி. போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும். ரெய்டு நடந்தால் பத்திரிகைகள் முகத்தையோ பெயரையோ வெளியிடக் கூடாது. ஆணுறை போன்றவற்றைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது. விருப்பத்துக்கு மாறாக அரசின் காப்பு இல்லங்களில் அடைத்து வைக்கப்பட்ட வயது வந்த பெண்களைக் கணக்கெடுக்க வேண்டும். உரிமைகள் பற்றிச் சொல்லித்தர வேண்டும். இவை அந்த ஆறில் அடக்கம்.

"விருப்பப்பட்டுச் செய்யும் தொழிலாளியை ரெய்டில் கைது செய்யக் கூடாது" என்று ஒரு பரிந்துரை இருந்தது இல்லையா, நீங்கள் கடிதத்தில் எடுத்து எழுதியிருப்பது? அது அந்த ஆறில் இல்லை. மத்திய அரசுக்கு அதில் ஆட்சேபம் இருந்தது. வாசலில் இன்ஸ்பெக்டர் நிற்கும்போது அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினால் அவர் சிரிப்பார்.

அதற்காக உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. 1986 திருத்தத்துக்குப் பிறகு, பணத்துக்காக ஒருவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதைத்தான் இந்தச் சட்டம் விபச்சாரம் என்கிறது. தன் விருப்பத்தில் செய்பவரை யார் சுரண்டினார்கள் என்பது எங்கள் வாதம். 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், இல்லத்தில் அடைக்கப்பட்ட மூன்று பெண்களை விடுவித்தபோது, இந்தத் தொழிலைச் செய்வதே குற்றம் என்று சட்டத்தில் எங்கும் சொல்லவில்லை என்றது. வயது வந்த பெண் எங்கே இருப்பது, என்ன வேலை செய்வது என்பது அவள் விருப்பம் என்றும் சொன்னது. வழக்கு என்று வந்தபின் இவையெல்லாம் எங்களுக்கு ஆயுதம். வழக்கு வராமல் தடுக்கும் கவசமாக இவற்றை நினைத்துவிடாதீர்கள்.

பிள்ளையார் கோயிலும் 200 மீட்டரும்

வீடு பார்க்கும்போது நீங்கள் யோசிக்காமல் விட்டது இது. பொது வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை, நர்சிங் ஹோம் இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் பிரிவு 7-இன்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை. தனியாக இருந்தாலும் குற்றம்தான். வந்த ஆணுக்கும் அதே தண்டனை, அவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. இவை தவிர, போலீஸ் கமிஷனரோ மாஜிஸ்ட்ரேட்டோ வேறு பொது இடங்களையும் அறிவிக்கலாம்.

நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார் இருப்பார். இல்லாவிட்டால் ஒரு நர்சரி ஸ்கூல், அதுவும் இல்லாவிட்டால் மாடியில் ஒரு ஜெபக்கூடம். சட்டத்தை எழுதியவர்கள் தமிழ்நாட்டுத் தெருவைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வேடிக்கை போலத் தோன்றினாலும், நீங்கள் பார்த்த ஃபிளாட் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. குடியிருப்புக்குள்ளேயே கோயில் இருக்கிறது, கீழ்த் தளத்தில் மழலையர் பள்ளி நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பிரிவு 18-ம் இதே தூரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. 200 மீட்டருக்குள் ஓர் இடம் இதற்குப் பயன்படுகிறது என்று தகவல் வந்தால், குற்ற வழக்கு முடியும் வரை காத்திருக்காமலே மாஜிஸ்ட்ரேட் நோட்டீஸ் விடலாம். பதில் சொல்ல ஏழு நாள். விளக்கம் திருப்தியில்லை என்றால் காலி செய்ய ஏழு நாள். அதன்பின் ஒரு வருடத்துக்கு அந்த வீட்டை மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் யாருக்கும் வாடகைக்கு விட முடியாது. எந்த வீட்டுக்காரரும் இந்த வம்பை ஏற்க மாட்டார். சந்தேகம் வந்த நாளே உங்களைக் கிளப்பப் பார்ப்பார்.

ஃபிளாட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்ச்மேன் நோட்டு, கேட்டில் போன் நம்பர் வாங்குவது, சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்றாலே மூன்றாவது மாடி மாமி கணக்கெடுக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.

ஹார்டுவேர் கடை மாடி

மிச்சம் இருப்பது இது. இடமாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் தேவலை. கெடுப்பது அந்தப் புரோக்கர்.

வருகிற ஆளுக்கு இவ்வளவு என்று அவர் வாங்கினால், உங்கள் தொழிலில் அவருக்கு லாபம் வருகிறது. 'வேறொருவரின் லாபத்துக்காக' என்ற வரி உயிர் பெறுகிறது. தனியாக இருந்தாலும் அந்த மாடி விடுதியாகிவிடும். உரிமையாளருக்குத் தெரிந்தே அதிக வாடகை போகிறது என்றால் அவரும் வழக்கில் சேர்வார். உங்கள் மூன்று வீட்டுக்கும் நான் போட்டுப் பார்த்த கேள்வி ஒன்றுதான்: அந்த அறையால் உங்களைத் தவிர வேறு யாருக்குப் பணம் போகிறது? வீட்டுக்கு ஊர் நிலவரப்படி என்ன வாடகையோ அது, புரோக்கருக்கு வழக்கமான ஒரு மாத கமிஷன். இதற்கு மேல் ஒரு ரூபாயும் கிடையாது என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் ஆறு மாதம் கழித்து "நான் சொல்ற ஆளையும் பாரு" என்று வந்து நிற்பார். அப்போது உங்களுக்கு மேலே ஓர் ஆள் வந்துவிட்டிருப்பார்.

பியூட்டி பார்லர் என்று ஒப்பந்தம் போடும் யோசனை வேண்டாம். பார்லர் என்றால் உள்ளாட்சி உரிமம், போர்டு, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கும் வசதி எல்லாம் கேட்பார்கள். நாளைக்கு வழக்கு வந்தால் பொய்யாக எழுதிய தாள் உங்கள் நேர்மையைத்தான் முதலில் சாப்பிடும். குடியிருக்க என்றே எழுதுங்கள், உண்மையிலேயே அங்கே சமைத்துச் சாப்பிட்டுக் குடியிருங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை ஆணையத்தில் பதிவும் ஆகட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் நினைத்த நேரத்தில் சாமானைத் தூக்கி வெளியே போட முடியாது, கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த முடியாது. ஆனால் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது அதே சட்டத்தில் வெளியேற்றக் காரணம். தனியாகத் தொழில் செய்வது விடுதி ஆகாது என்றாலும் இந்தக் காரணத்தை உரிமையாளர் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஆபத்து எந்த வீட்டிலும் இருக்கும், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவசரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

பால்கனி விஷயம். அந்த மாடியில் ரோட்டைப் பார்த்த பால்கனி இருப்பதை வசதி என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிவு 8, பொது இடத்திலிருந்து பார்க்கும்படி, ஜன்னலிலோ பால்கனியிலோ உட்கார்ந்து ஆளை அழைப்பதைப் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. துணி காயப் போட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

உள்ளே நின்று பார்க்க வேண்டியது

இங்கே சட்டத்தை விட்டுவிட்டு, என்னிடம் வந்த பெண்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

இரும்பு கிரில் கேட் இருக்கிறதா? நம் வீடுகளில் அதற்கு உள்பக்கம் பூட்டுப் போட்டு, சாவியை சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவது வழக்கம். ஒரு பெண் அந்தச் சாவியைத் தேடித் தடவிய நேரத்தில்தான் கழுத்துச் சங்கிலி போனது. உள்ளிருந்து சாவி இல்லாமல் ஒரே இழுப்பில் திறக்கிற மாதிரி தாழ்ப்பாள் மாற்றுங்கள். கட்டிலிலிருந்து வாசல் வரை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். நடுவில் ஸ்டூல் இருந்தால் எடுத்துவிடுங்கள். குளியலறைக் கதவு உள்ளே உறுதியாகத் தாழிடுகிறதா, அங்கே போன் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். சமையலறைக் கத்தியும் அரிவாள்மனையும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் உங்கள் பெயர். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஈபி அட்டை, கேஸ் புத்தகம், டாக்டர் சீட்டு, மகள் படம், கொரியர் கவர். ஒருவன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய்வரும் நேரத்தில் உங்கள் வாழ்க்கையையே படித்துவிடுவான். யூபிஐயில் பணம் அனுப்பினால் வங்கியில் உள்ள முழுப் பெயரும் அவன் போனில் தெரியும். முடிந்தவரை ரொக்கம். ஆனால் ரொக்கத்தை வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள், வாரம் ஒரு முறையாவது வங்கியில் போட்டுவிடுங்கள். மகள் லீவுக்கு வந்தால் அந்த வீட்டுக்குக் கூட்டி வரவே வேண்டாம், அந்த நாட்களில் நீங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

லாட்ஜை முழுக்கத் தள்ளவும் வேண்டாம். வராந்தாவில் கேமரா, கீழே ஆட்கள் இருப்பது ஒரு பாதுகாப்புதான். ஆனால் ரிசப்ஷனில் ஆதார் நகல் நிற்கும் (எண்ணை மறைத்த ஆதாரைக் கொடுங்கள்), ரூம் பாய் கண்டுபிடித்துவிட்டால் மாமூல் கேட்பான். லாட்ஜின் உரிமமே பறிபோகும் என்பதால் சந்தேகம் வந்தால் மேனேஜரே போலீஸுக்குப் போன் செய்வார். புதிதாக வருகிற ஆளை முதல் முறை பார்ப்பதற்கு மட்டும் அது போதும்.

ஆட்டோ அண்ணன்

நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பிரிவு 4 அவரைத்தான் குறிவைக்கும். இந்த வருமானத்தில் வாழ்கிற 18 வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. கூடவே வசிப்பவர், வழக்கமாகக் கூடவே காணப்படுபவர் என்றால் அந்த வருமானத்தில்தான் வாழ்கிறார் என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர். மாதச் சம்பளம் கொடுத்தால் அவருக்கு எதிரான சாட்சியை நீங்களே மாதாமாதம் எழுதித் தருகிறீர்கள். உங்கள் அம்மாவையும் அந்த வீட்டில் தங்க வைக்காதீர்கள் என்பதற்கும் இதே காரணம்.

துணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. துணை அறைக்கு வெளியே, பணத்துக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் தோழிதான் அதற்குச் சரியான ஆள். யார் வருகிறார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு முடியும் என்று அவருக்கு ஒரு செய்தி. சொன்ன நேரம் தாண்டிப் பத்து நிமிடம் ஆனால் அவர் போன் செய்வார். "அத்தைக்கு மாத்திரை வாங்கியாச்சா?" என்று அவர் கேட்கும்போது நீங்கள் "இன்னும் இல்லை" என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அவர் உடனே 112-ஐ அழைப்பார். நீங்களும் அவருக்கு அதையே செய்யுங்கள். பணம் கைமாற வேண்டாம். வந்தவர் காதில் விழும்படி ஒரு முறை போனில் பேசுவதே பாதி ஆட்களை அடக்கிவிடும் என்று என் கட்சிக்காரர் ஒருவர் சொல்வார்.

கதவைத் தட்டினால்

முதலில், தட்டுவது போலீஸ்தானா? போலீஸ் என்று சொல்லி வந்து பணம் பறிப்பவர்கள் நிறைய. அடையாள அட்டையைக் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனை போட முடியும், உண்மைதான். ஆனால் அதற்கென்று நியமிக்கப்பட்ட சிறப்பு போலீஸ் அதிகாரியோ ஆள் கடத்தல் தடுப்பு அதிகாரியோதான் செய்யலாம். குறைந்தது இரண்டு பெண் போலீஸார் கூட வர வேண்டும். உங்களை விசாரிப்பது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். பேன்ட் சட்டையில் இரண்டு ஆண்கள் மட்டும் வந்து "செட்டில் பண்ணிக்கலாம்" என்றால், கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே 112-க்கு அடியுங்கள்.

உண்மையான சோதனை என்றால் எதிர்த்து நிற்க வேண்டாம். இதில் ஒரு கொடுமை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியில் வசிக்கும் மரியாதைப்பட்ட ஆட்கள் இருவரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதாவது இத்தனை நாள் நீங்கள் யாருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தீர்களோ அவர்களையே. மகஜரில், அதாவது சோதனையில் கிடைத்ததைக் குறிக்கும் தாளில், என்ன எழுதுகிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பார்த்த மகஜர் ஒன்றில் 'ஆணுறை 12, ரொக்கம் 3,400, பெண்கள் அணியும் நைட்டி 2' என்று இருந்தது. நைட்டி எந்த வீட்டில் இல்லை? அந்த ஆணுறை வரியைத்தான் 2022 உத்தரவைக் காட்டி இன்று அடிக்க முடியும். ஆகவே பயந்துகொண்டு ஆணுறை வைக்காமல் இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் பேப்பரில் 'அழகிகள் மீட்பு' என்று வருமோ என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முகத்தை மூடிக்கொள்ள அனுமதி கேளுங்கள், படம் எடுத்தால் மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லுங்கள். அவர் முன்னால் நிறுத்தும்போது சொல்ல வேண்டியது மூன்று: எனக்கு வயது 34, இதோ ஆதாரம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த இல்லத்துக்கும் போக எனக்குச் சம்மதமில்லை, எனக்கு வக்கீல் வேண்டும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்தில் இந்தச் சட்டத்தின் குற்றவாளிகளுக்கும் ஒரு வகை இருக்கிறது, ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். புரோக்கரோடும் தோழியோடும் கணக்கு வழக்கு வேண்டாம் என்று நான் இவ்வளவு நீட்டி எழுதுவதில் அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் நடந்தது

இதைப் பற்றி நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. "என் தொழிலுக்கு யார் கேஸ் எடுப்பார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எடுக்க வேண்டும். உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். ஒருவருக்குச் சம்மதித்தீர்கள் என்பது இன்னொருவனுக்குச் சம்மதம் ஆகாது, பணம் வாங்கியிருந்தாலும் ஆகாது. எப்படிப்பட்ட பெண்ணுக்கும் தன் உடல் மீது அந்தரங்க உரிமை உண்டு என்று 1990-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, அந்த வழக்கில் எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர்.

புகார் கொடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். கொடுத்தால் உங்கள் தொழில் விசாரணையில் வெளியே வர வாய்ப்பு இருக்கிறது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். முடிவு எடுக்கும் வரை அவன் எண், வாட்ஸ்அப் உரையாடல், அந்த வீட்டு முகவரி, போன ஆட்டோவின் ரசீது எதையும் அழிக்காதீர்கள். அவர்கள் படம் எடுத்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறீர்கள். காட்டி மிரட்டுவதே குற்றம், மிரட்டிப் பணம் பறித்தால் ஏழு ஆண்டு வரை தண்டனை. ஒரு முறைகூடப் பணம் அனுப்பாதீர்கள், மிரட்டிய செய்தியை எனக்கு அனுப்புங்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். புரோக்கரிடம் பேசுவதற்கு முன் அந்த ஹார்டுவேர் கடைத் தெருவுக்கு ஒரு முறை ராத்திரி எட்டரை மணிக்குப் போங்கள். ஷட்டர் எத்தனை மணிக்கு இறங்குகிறது, இறங்கிய பிறகு மாடிப்படியில் வெளிச்சம் இருக்கிறதா, எதிரே டீக்கடை எதுவரை திறந்திருக்கிறது என்று பாருங்கள். அப்படியே போனில் மேப்பைத் திறந்து, மாடிப்படியிலிருந்து நாலு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி ஏதாவது 200 மீட்டருக்குள் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள், நான்காவது வீடு தேடலாம். ஒப்பந்தத்தின் வரைவு கிடைத்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.